எழுதாமல் விட்ட ஒன்று: ஒரு சிறுநீரகச் சூத்திரத்தைப் பிரித்து வாசித்தல்

2019-இல் எங்கள் சித்தப்பாவுக்குக் கால் வீங்கிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பது. லேபில் கொடுத்த சீட்டில் கிரியாட்டினின் 3.5 என்றிருந்தது. அதற்குக் கீழே, சிறுநீரகம் வடிகட்டும் வேகம் என்று இரண்டு வரிகள். ஆப்பிரிக்க அமெரிக்கர் அல்லாதவர் எனில் 18.6. ஆப்பிரிக்க அமெரிக்கர் எனில் 22.6. சீட்டு இங்கிலீஷில் இருந்ததால் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதுல நான் எந்த வரிடா?" என்றார். லேபில் இருந்த பையன், "நாம மேல் வரிதாங்க. அது கம்ப்யூட்டரே போடுறது, நாங்க ஒண்ணும் எழுதுறதில்ல" என்றான். டாக்டர் அந்த இரண்டு வரியையும் பார்க்கவேயில்லை. கிரியாட்டினினையும் கால் வீக்கத்தையும் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

எனக்குத்தான் அந்த இரண்டு வரிகளும் மறக்கவில்லை. ஒரே ஆள், ஒரே ரத்தம், இரண்டு எண். கீழ் வரியை மேல் வரியால் வகுத்துப் பார்த்தால் 1.21 சொச்சம் வருகிறது. இன்னொருத்தர் சீட்டை வாங்கி வகுத்துப் பார்த்தேன், அதிலும் அதே 1.21. ஆக எங்கேயோ ஒரு சூத்திரம் இருக்கிறது, அதில் கறுப்பர் என்றால் இதனால் பெருக்கு என்று ஒரு கட்டளை இருக்கிறது. சூத்திரம் என்றால் தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு நன்னூல் ஞாபகம்தான் வரும். சின்னக் கண்ணாடிக்குள் பெரிய உருவம் தெரிகிற மாதிரி, கொஞ்ச எழுத்தில் நிறையப் பொருளை அடக்குவது சூத்திரம் என்று படித்திருக்கிறோம். அடக்கும்போது எது வெளியே போனது என்று கேட்க நமக்குச் சொல்லித் தரவில்லை. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கும் நண்பர் ஒருவரோடு சில ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து இந்தச் சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடும் தோழர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் இந்தச் சூத்திரம் எப்படிப் பிறந்தது என்பது. சிறுநீரகம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று நேரடியாக அளப்பதென்றால், அயோதாலமேட் மாதிரி ஒரு பொருளை உடம்பில் ஏற்றி, அது எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்று மணிக்கணக்காக உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லாருக்கும் அதைச் செய்ய முடியாது. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் அது ஏறும். அதை அளப்பது சுலபம். சுலபமாக அளப்பதை வைத்துக் கஷ்டமாக அளப்பதை ஊகிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 1989 வாக்கில் தொடங்கிய எம்.டி.ஆர்.டி. என்ற ஆய்வில், சாப்பாட்டில் புரதத்தைக் குறைத்தால் சிறுநீரக நோய் மெதுவாகுமா என்று பார்ப்பதற்காக நோயாளிகளைச் சேர்த்திருந்தார்கள். அவர்களில் 1628 பேருக்கு வடிகட்டும் வேகத்தை நேரடியாகவே அளந்து வைத்திருந்தார்கள். ஆண்ட்ரூ லீவியும் கூட்டாளிகளும் அந்த ஏட்டை எடுத்து, 1999-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள்.

ஒரு பெரிய பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. கட்டங்களில் கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா, கறுப்பரா இல்லையா என்று இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் நேரடியாக அளந்த வேகம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண்ணைக் கொடுத்து, அவற்றைக் கூட்டினால் கடைசிக் கட்டத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் வரவேண்டும். 1628 பேருக்கும் ஒரே எண்கள்தான், ஆளுக்கு ஒன்று கிடையாது. அப்படிப் பார்க்கும்போது ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் தப்பும். தப்பியதை எச்சம் என்கிறார்கள். எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் எது ஆகக் குறைவாக வருகிறதோ, அந்த எண்களைக் கம்ப்யூட்டர் தேடிக் கொடுக்கும். இதுதான் ரிக்ரெஷன், நம் பாடநூலில் தொடர்புப் போக்கு. கம்ப்யூட்டர் கொடுக்கிற எண்ணுக்குக் கெழு என்று பெயர். வயதின் கெழு என்றால், மற்றக் கட்டங்கள் எல்லாம் ஒன்றாக இருக்கிற இரண்டு பேருக்கு வயது மட்டும் மாறினால் சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்று அர்த்தம். சராசரியாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஆய்வில் எண்களை அப்படியே போடவில்லை, மடக்கை எடுத்துப் போட்டார்கள். மடக்கையில் கூட்டல் என்பது வெளியே வந்தால் பெருக்கல். ஆகவே கம்ப்யூட்டர் கொடுப்பது கூட்டல் பட்டியல். சீட்டில் வேலை செய்வது பெருக்கல் சூத்திரம். ஒன்றிலிருந்து இன்னொன்றை எடுப்பதைத்தான் சூத்திரம் பிரித்தெடுத்தல் என்கிறோம். பின்னாளில் எல்லா லேபுக்கும் போன நான்கு கட்டச் சூத்திரம், 2006-இல் திருத்திய வடிவில், இது:

வடிகட்டும் வேகம் = 175 × (கிரியாட்டினின்)^−1.154 × (வயது)^−0.203 × 0.742 (பெண் எனில்) × 1.212 (கறுப்பர் எனில்)

இதை மடக்கைக்குத் திருப்பினால் கம்ப்யூட்டரின் பட்டியல் எப்படி இருக்கும் என்று தெரியும். இது நான் திருப்பிப் போட்டது. தொடக்க எண் 5.165. கிரியாட்டினினின் மடக்கைக்குக் கெழு −1.154. வயதின் மடக்கைக்கு −0.203. பெண் என்றால் −0.298. கறுப்பர் என்றால் 0.192. இதில் 0.192 என்பது பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கிறது. வெளியே வந்ததும் 1.212 ஆகிறது, அதாவது நூற்றுக்கு இருபத்தொன்று கூடுதல்.

பிரித்தெடுத்த சூத்திரத்தை நம்பக்கூடாது, கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார் நண்பர். ஒரு ஆளின் வரியை எடுத்து, கால்குலேட்டரில் போட்டு, கம்ப்யூட்டர் சொன்ன விடை வருகிறதா என்று பார்ப்பது. சித்தப்பாவின் சீட்டையே எடுத்துக்கொண்டேன். முதல் தடவை எனக்கு 3.6 வந்தது. பயந்துபோய்விட்டேன். நான் செய்த தப்பு, மடக்கையைப் பத்தின் அடியில் எடுத்துவிட்டு, வெளியே வரும்போது 'இ' என்ற இயல் அடியில் வந்துவிட்டேன். பதித்துச் சொன்னால், உள்ளே போன வாசல் ஒன்று வெளியே வந்த வாசல் வேறு. இயல் மடக்கையில் மறுபடி போட்டேன். 3.5-இன் மடக்கை 1.2528, அதை 1.154-ஆல் பெருக்கினால் 1.4457. ஐம்பதின் மடக்கை 3.9120, அதை 0.203-ஆல் பெருக்கினால் 0.7941. இரண்டையும் 5.1648-இலிருந்து கழித்தால் 2.925. மடக்கையை நீக்கினால் 18.63. சீட்டில் 18.6. கறுப்பருக்கு 0.1923 கூட்டிக்கொண்டு வெளியே வந்தால் 22.58. சீட்டில் 22.6. சரியாகப் போச்சு.

அலகு மாறினாலும் இதே கதிதான். ஐரோப்பாவில் பல இடங்களில் கிரியாட்டினினை வேறு அலகில் எழுதுவார்கள். 88.4-ஆல் வகுத்தால்தான் நம் மில்லிகிராம் கணக்குக்கு வரும். வகுக்காமல் அப்படியே போட்டால் சித்தப்பாவின் வேகம் 0.1 என்று வருகிறது. அது நல்ல தப்பு, பார்த்ததும் தெரிந்துவிடும். 1.212 என்பதைக் குறுக்கி 1.2 என்று எழுதி வைத்தால் 22.4 வரும். அதை ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சரி, கணக்கு ஒத்துப் போகிறது. ஒத்துப் போனதால் என்ன தெரிகிறது? சூத்திரமும் கம்ப்யூட்டரும் ஒன்றையே சொல்கின்றன என்று மட்டும் தெரிகிறது. வெண்பாவை அலகிட்டுத் தளை தட்டவில்லை என்று பார்த்துவிட்டோம், அவ்வளவுதான். நம்மூர்ப் பண்டிதர்களில் பலபேர் அதோடு எழுந்து போய்விடுவார்கள். அந்த வெண்பா என்ன சொல்கிறது, யாரைப் பார்த்துச் சொல்கிறது என்பது வேறு வேலை. உலகத்தோடு ஒத்துப் போகிறதா என்றும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 1628 பேரில் 1070 பேரை வைத்துச் சூத்திரம் கட்டி, மீதி 558 பேரிடம் போட்டுப் பார்த்தார்கள். ஏற்ற இறக்கத்தில் 90.3 சதவீதம் பிடிபடுகிறது என்று எழுதினார்கள். ஒளித்து வைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த 558 பேரும் அதே ஏட்டின் ஆட்கள். அதே ஆஸ்பத்திரிகள், அதே கட்டங்கள், கட்டத்தில் எழுதிய அதே கைகள். கட்டமே கோணலாக இருந்தால் இந்தச் சோதனையில் அது தெரியாது.

இனிமேல்தான் நம்முடைய வேலை. சூத்திரத்தை ஒரு பிரதியாக வைத்து வாசிப்போம். பெண் எனில் 0.742 என்று இருக்கிறது. கறுப்பர் எனில் 1.212 என்று இருக்கிறது. ஆண் எனில்? வெள்ளையர் எனில்? ஒன்றும் எழுதவில்லை. எழுதாததற்கு அர்த்தம், ஒன்றால் பெருக்கு என்பது. பெருக்கி என்ன ஆகப்போகிறது, அதனால் எழுதவில்லை. கணக்கில் இதற்கு அடிப்படை வகை என்று பெயர். வகை இரண்டு என்றால் கெழு ஒன்றுதான் வரும். ஏதாவது ஒன்றை அடிப்படையாக வைத்து மற்றதை அதிலிருந்து விலகலாகச் சொல்ல வேண்டும். அந்த அடிப்படை ஆள் தொடக்க எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறான். இந்தச் சூத்திரத்தில் 175 என்பது ஏதோ இயற்கையின் மாறிலி மாதிரி நிற்கிறது. அதற்குள் இருப்பவன் வெள்ளைக்கார ஆம்பளை. அவன் பெயர் எங்கேயும் இல்லை, ஏனென்றால் அவன்தான் சூத்திரம். மற்றவர்கள் பெருக்கல் குறிக்குப் பின்னால் அடைப்புக்குள் வரிசையில் நிற்கிறார்கள்.

எந்த வகையை அடிப்படையாக வைப்பது என்பதைக் கணக்கு முடிவு செய்வதில்லை. மாற்றி வைத்துப் பார்த்தேன். கறுப்பினப் பெண்ணை அடிப்படையாக வைத்தால் தொடக்க எண் 175 × 0.742 × 1.212, அதாவது 157.4. சூத்திரம் இப்படி ஆகும்:

வடிகட்டும் வேகம் = 157.4 × (கிரியாட்டினின்)^−1.154 × (வயது)^−0.203 × 1.348 (ஆண் எனில்) × 0.825 (வெள்ளையர் எனில்)

யாருக்குப் போட்டாலும் பழைய விடையேதான் வரும். சித்தப்பாவுக்குப் போட்டேன், 18.6. (அவர் வெள்ளையர் கட்டத்தில் போகிறார், அது வேறு கூத்து.) கணக்கில் இரண்டும் ஒன்று. ஆனால் இந்த இரண்டாவது சூத்திரம் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கியிருந்தால், வெள்ளைக்காரர்களை ஏன் 0.825-ஆல் குறைக்கிறீர்கள், எங்கள் உடம்பில் என்ன குறை என்று முதல் வாரமே கேட்டிருப்பார்கள். தமாஷ் என்னவென்றால், இன்று பரவலாகப் புழங்கும் 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆங்கில அகரவரிசையில் முதலில் வரும் வகையை அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். அந்த வரிசையில் கறுப்பர் வெள்ளையருக்கு முந்தி, பெண் ஆணுக்கு முந்தி. மெஷினிடம் விட்டிருந்தால் கறுப்பினப் பெண்தான் அடிப்படை. இயல்பானவன் யார் என்பதை மனுஷன்தான் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறான்.

கறுப்பினப் பெண்ணைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது. அவளுக்கென்று இந்தச் சூத்திரத்தில் தனியாக ஒரு எண் கிடையாது. 0.742-ஐயும் 1.212-ஐயும் பெருக்கினால் 0.899, அதுதான் அவள். பெண் என்பதால் வரும் வித்தியாசம் இரண்டு இனத்திலும் ஒரே விகிதம்தான் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு கட்டியது இது. வேண்டுமானால் இரண்டும் சேரும் இடத்துக்கு என்று ஒரு கட்டம் சேர்க்கலாம், ரிக்ரெஷனில் அதற்கு வழி இருக்கிறது. சேர்க்கவில்லை. தலித் பெண்ணின் நிலை என்பது தலித் நிலையையும் பெண் நிலையையும் பெருக்கி எடுத்த விடை அல்ல என்று நம் பக்கத்தில் எவ்வளவு பேசியிருக்கிறோம்.

இந்த 1.212 எங்கிருந்து வந்தது? 1628 பேரில் கறுப்பர் 197 பேர். ஒருத்தர் கறுப்பரா என்பதை ஆய்வுப் பணியாளர்களே பார்த்து எழுதினார்கள். அதற்கு வரையறை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குப் பட்ட தோல்நிறம் ஒரு கட்டத்தில் 1 அல்லது 0 ஆகிறது, பிறகு அது மூன்று தசமதானத் துல்லியத்தில் வெளியே வருகிறது. ஒரே கிரியாட்டினின் அளவு இருக்கும்போது அந்த 197 பேருக்கு அளந்த வேகம் சராசரியாகக் கூடுதலாக இருந்தது என்பது நிஜம். ஏன் என்பதற்கு, கறுப்பர்களுக்குத் தசை அதிகம், ஆகவே கிரியாட்டினின் அதிகம் என்று விளக்கம் சொன்னார்கள். தசையை அளந்து சூத்திரத்தில் சேர்க்கவில்லை. அதற்கான கட்டம் சூத்திரத்தில் இல்லை. கட்டம் இல்லாத எல்லாம், சாப்பாடு, வேலை, வறுமை, எந்த மருந்து எவ்வளவு நாள், இருக்கிற கட்டங்களில் தங்களுக்கு நெருக்கமானதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். இனம் என்ற கட்டம் இதற்கு ரொம்ப வசதியானது. கெழு என்பது ஒரு உடம்பின் குணம் இல்லை. ஏட்டில் எதை எழுதினோம் எதை விட்டோம் என்பதன் எச்சம் அது. அதை உடம்பின் குணமாக வாசித்ததில்தான் அடிமை முறைக் காலத்துப் பழைய கதையாடல் வந்து ஒட்டிக்கொள்கிறது. மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் மெஷினுக்கும் இப்படி ஒரு சரித்திரம் உண்டு. தோட்டத்து அடிமைகளுக்கு நுரையீரல் கொள்ளளவு குறைவு என்று சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர் 1850களில் எழுதியது எப்படி மெஷினுக்குள் இனத் திருத்தமாக இறங்கியது என்று லண்டி பிரவுன் 2014-இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

இந்த எண் இனத்தைப் பிடிக்கிறதா வேறு எதையாவது பிடிக்கிறதா என்பதற்கு நல்ல சாட்சி ஆசியாவில் கிடைத்தது. அமெரிக்கச் சூத்திரத்தைத் தங்கள் மக்களுக்குப் பொருத்த, சீன ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு பெருக்கு எண் கண்டுபிடித்தார்கள். அது 1.233. அடுத்த வருஷம் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது 0.741. அமெரிக்க ஏட்டில் இந்த இரண்டு பேரும் ஒரே கட்டத்தில், ஆசியர் என்று போகிறவர்கள். சித்தப்பா சீனாவில் இருந்திருந்தால் 23.0, ஜப்பானில் இருந்திருந்தால் 13.8. பதினைந்துக்குக் கீழே என்றால் சிறுநீரகம் செயலிழந்த கட்டம் என்று வகைப்படுத்துகிறார்கள். ஒருத்தர் உடம்பு கடலைத் தாண்டியதும் இப்படி ஆகுமா? நேரடி வேகத்தை அளந்த முறையே இரண்டு இடத்திலும் வேறு. சீனாவில் ஒரு பொருளை ஏற்றி அளந்தார்கள், ஜப்பானில் இன்யூலின் என்ற வேறொன்றை ஏற்றி அளந்தார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுத்ததும் வேறு வேறு. இதெல்லாம் சேர்ந்து ஒரு எண்ணுக்குள் போய், வெளியே வரும்போது இனத்தின் பெயரை மாட்டிக்கொண்டு வருகிறது.

பழைய நூல்களைப் பதிப்பிக்கிறவர்கள் பாடபேதம் என்று அடிக்குறிப்பு போடுவார்கள் இல்லையா, அது மாதிரி இந்தச் சூத்திரத்துக்கும் போட்டுப் பார்த்தேன். 1999-இல் ஆறு கட்டம் இருந்தபோது கறுப்பருக்கு 1.180. அடுத்த வருஷம் நான்கு கட்டமாகக் குறுக்கியபோது 1.210. 2006-இல் 1.212. 2009-இல் சி.கே.டி.–எபி என்று புதிய சூத்திரம், அதில் 1.159. பத்து வருஷத்தில் யாருக்கும் தசை கூடவுமில்லை குறையவுமில்லை. பக்கத்தில் எந்தக் கட்டம் உட்கார்ந்திருக்கிறது என்பது மாற மாற இந்த எண்ணும் மாறியிருக்கிறது. தொடக்க எண்ணே 186-ஆக இருந்தது 2006-இல் 175 ஆனது. காரணம் மனித உடம்பு அல்ல, கிரியாட்டினினை அளக்கும் முறையை லேபுகளில் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்தது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுக்குக் காத்திருக்கும் நாள், டயாலிசிஸ் தொடங்காதவருக்கு வேகம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் எண்ணத் தொடங்கும். ஐம்பது வயது ஆண் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். 175 சூத்திரத்தின்படி வெள்ளையருக்குக் கிரியாட்டினின் 3.3-ஐத் தொடும்போதே 19.9, வரிசையில் நிற்கலாம். கறுப்பருக்கு அது 3.9 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். 3.3-க்கும் 3.9-க்கும் நடுவில் எத்தனை மாதமோ வருஷமோ, அது அவரவர் நோயைப் பொறுத்தது. ஆனால் வரிசை வரிசைதான்.

மருத்துவ மாணவர்களும் கறுப்பின மருத்துவர்களும் சமூகவியல்காரர்களும் இதைத் தொடர்ந்து கேட்டார்கள். 2017-இல் பாஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இனக் கெழுவை விட்டது. 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு எழுந்த போராட்டத்தின்போது இந்தக் கேள்வி தெருவுக்கும் வந்தது. 2021-இல் சிறுநீரக அமைப்புகள் கூடி, இனம் இல்லாத புதிய சூத்திரத்தை ஏற்றன. உறுப்பு மாற்று அமைப்பு 2022-இல் இனக் கெழுவைத் தடைசெய்தது. 2023 ஜனவரியிலிருந்து, ஏற்கெனவே வரிசையில் நிற்கும் கறுப்பர்களின் பழைய சீட்டுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டு, காத்திருந்த காலத்தைத் திருத்தச் சொன்னது. 2024 மார்ச்சுக்குள் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காலம் திருத்தப்பட்டது, சராசரியாக இரண்டு வருஷம். ஒரு கெழு திருடி வைத்திருந்த காலம் இது. திரும்பக் கொடுத்தபோது உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம் அந்தச் சூத்திரம் அச்சில் இருந்தது. அமெரிக்க நீதிமன்றங்களில் குற்றவாளி மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் காம்பாஸ் என்ற ஏற்பாட்டில், எந்தக் கட்டத்துக்கு என்ன எடை என்பது கம்பெனியின் ரகசியம். 2016-இல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம், எச்சரிக்கைக் குறிப்போடு அதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது. சிறுநீரகச் சூத்திரத்தை என்னைப் போன்ற ஒரு தமிழ் எம்.ஏ. கால்குலேட்டர் வைத்துப் பிரிக்க முடிந்தது. அதை முடியாது.

தோழர்கள் ஒரு இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தப்பான கெழுவை அடித்துவிட்டால் தீர்ந்தது என்பது. 2009 சூத்திரத்தில் சித்தப்பா வயதுக்கும் கிரியாட்டினினுக்கும் வெள்ளையர் எண் 19.2, கறுப்பர் எண் 22.3. 1.159-ஐ மட்டும் அடித்தால் எல்லாருக்கும் 19.2. அதாவது எல்லாரையும் வெள்ளைக்காரன் ஆக்கிவிட்டோம். அந்தத் தொடக்க எண்ணுக்குள் அவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். 2021-இல் அப்படிச் செய்யவில்லை. ஏட்டிலிருந்தே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, மற்ற எண்களை முதலிலிருந்து தேட வைத்தார்கள். ஒரு கட்டம் போனால் மற்றக் கெழுக்கள் எல்லாம் நகரும். தொடக்க எண் 142 ஆனது, அடுக்குகள் கொஞ்சம் மாறின, விடை எல்லாருக்கும் 20.4. வரிசைக்கான எல்லை எல்லாருக்கும் ஏறக்குறைய 3.6. கறுப்பருக்கு முன்னால் வந்தது, வெள்ளையருக்குக் கொஞ்சம் பின்னால் போனது. இதிலும் தப்பு இல்லாமல் இல்லை. புதிய சூத்திரம் கறுப்பர்களின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தும் மற்றவர்களுடையதைக் கொஞ்சம் கூட்டியும் சொல்கிறது என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். வேகம் குறைவு என்று வந்தால் சில மருந்துகளை நிறுத்துவார்கள், அளவைக் குறைப்பார்கள், அது கறுப்பர்களுக்கே பாதகம் ஆகலாம் என்று வாதிட்ட மருத்துவர்களும் உண்டு. அதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. தப்பை எந்தப் பக்கம் சாய வைப்பது என்பது கணக்கு அல்ல, அரசியல். யார் அதைத் தீர்மானிக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் 1999-க்கும் 2021-க்கும் வித்தியாசம்.

சித்தப்பாவின் கேள்வி பாக்கி இருக்கிறது. அவர் எந்த வரி? 1628 பேரில் நம்மாட்கள் கணக்கில் எடுக்கிற அளவுக்கு இல்லை. நம் பக்கத்தில் கூலி வேலை செய்து, கறி எப்போதாவது சாப்பிட்டு, தசை வற்றிப் போன உடம்பில் கிரியாட்டினின் குறைவாகத்தான் ஊறும். அப்போது சூத்திரம் சிறுநீரகம் பரவாயில்லை என்று பொய் சொல்லும். 2014-இல் கராச்சியில் நேரடியாக அளந்து பார்த்தவர்கள், 2009 சூத்திரத்தின் விடையை 1.059 அடுக்குக்கு உயர்த்தி 0.686-ஆல் பெருக்கச் சொன்னார்கள். சித்தப்பாவுக்கு அதைப் போட்டால் 15.7.

அப்படியானால் நமக்கும் ஒரு கெழு வேண்டும் என்று கேட்கலாமா? ஒரு நண்பர் கேட்டார். எனக்குக் குலை நடுங்கியது. தமிழர் எனில் என்று ஒரு அடைப்பு திறந்தால், அடுத்து அதற்குள் எந்தச் சாதி எனில் என்று இன்னொரு அடைப்பு திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று கையெழுத்து வாங்கியவன் நான். அதை இன்றும் கேட்கிறேன். யாருக்கு டயாலிசிஸ் கிடைத்தது, யார் வரிசையில் செத்தார்கள் என்று பார்க்க அந்தக் கட்டம் கட்டாயம் வேண்டும். அதே கட்டத்தை உடம்பை ஊகிக்கும் சூத்திரத்துக்குள் போடும்போது, செய்த அநியாயமே ரத்தத்தின் குணமாக அச்சாகி வருகிறது. தசைதான் பிரச்சினை என்றால் தசையை அளக்கட்டும். தசையைச் சார்ந்து ஏறி இறங்காத சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனையும் இருக்கிறது. செலவு கூடுதல், அதனால் எழுதிக் கொடுப்பதில்லை.

சித்தப்பா இப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போகிறார். அந்த லேபில் இப்போது ஒரே வரிதான் அச்சாகி வருகிறது. பழைய சீட்டின் பின்பக்கத்தில் நான் போட்ட கணக்கு அப்படியே இருக்கிறது: 18.6, 22.6, 23.0, 13.8, 19.2, 20.4, 15.7. அவரிடம் காட்டினேன். "ரத்தம் ஒரு தடவைதானடா எடுத்தாங்க" என்றார்.